புள்ளி வைத்தவள் பெயர்

எங்கள் கல்லூரியில் நத்தை மேடம் என்று கேட்டால் வாசல் காவலாளியே விலங்கியல் துறைக்கு வழி சொல்லிவிடுவார். மாணவர்கள் வைத்த பெயர். குளத்து நத்தைகளைப் பற்றியே காலமெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர் என்பதால் வந்தது. மற்றபடி நத்தைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறுவார். எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் பதிலை முடித்திருப்பார். கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "பொறுமை நத்தைக்கு இருக்கு, எனக்கு வேற எதுக்கு?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் அங்கே நூலகர். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லா வேலையும் முடிந்த பிறகு மேற்கோள் பட்டியலோடு என்னிடம் வந்து நிற்பார்கள். யார் யாருடைய பழைய கட்டுரைகளிலிருந்து எதை எடுத்தோம் என்று கடைசியில் கொடுக்க வேண்டிய பட்டியல் அது. ஒரு பத்திரிகைக்கு எண் போட வேண்டும். இன்னொன்றுக்குப் பெயரும் வருடமும். ஒன்றுக்குப் பத்திரிகைப் பெயரைச் சுருக்க வேண்டும். இன்னொன்றில் சுருக்கினால் குற்றம். எங்கே சாய்வெழுத்து, எங்கே தடித்த எழுத்து, எங்கே கமா, எங்கே புள்ளி என்று ஆளுக்கொரு சட்டம். ஆராய்ச்சியில் தப்பு இருந்தால் சொல்ல மாதக்கணக்காகும். கமாவில் தப்பு இருந்தால் மறுநாளே சொல்லிவிடுவார்கள்.

அன்று காலை அவர் நூலகத்துக்குள் வந்த வேகத்தில், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"லைப்ரரி, இங்க வா." என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "திருப்பி அனுப்பிட்டான். படிக்கவே இல்ல. ஒரு வரி படிக்கல. மேற்கோள் எங்க பாணியில இல்லன்னு வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பிட்டான்."

"எண் போட்டிருந்தீங்களா?"

"போன பத்திரிகைக்கு எண்ணுதானே கேட்டான்? அவன் வேணாம்னு சொன்னதும் அப்படியே இவனுக்கு அனுப்பினேன். இவனுக்குப் பேரும் வருஷமும் வேணுமாம். நாலு வருஷம் குளத்துல நின்னிருக்கேன். இவனுக்கு என்ன கவலை பாரு."

அந்த நாலு வருட வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆடுகளின் ஈரலை அரிக்கும் ஒரு தட்டைப்புழு உண்டு. அது கொஞ்ச காலம் சின்ன நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து குளக்கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல்லை மேய்கிற ஆட்டுக்குள் போகும். மந்தை மந்தையாக ஆடுகள் இளைத்துச் சாகும். மழைக்குப் பின் எந்த வாரங்களில் குளக்கரை ஆபத்து என்று தெரிந்தால், அந்த வாரங்களில் மட்டும் மேய்ப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்க, ஒரே நத்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நத்தையோ சுண்டுவிரல் நகம் அளவு. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எனவே ஒவ்வொன்றின் ஓட்டிலும் நகப்பூச்சால் வண்ணப் புள்ளி வைத்து விடுவார்கள். தண்ணீரிலேயே கிடக்கிற ஓட்டில் புள்ளி எப்படி நிற்கும்? பழைய பல் துலக்கியால் பாசியைத் தேய்த்து, ஈரத்துணியில் கிடத்தி ஓட்டை மட்டும் காயவிட்டு, நுனியில் புள்ளி வைத்து, மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று. அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர் நத்தை மேடம் இல்லை. அவருடன் முதுகலை படித்த தோழி. ஆளும் குள்ளம், எந்நேரமும் நிற்பதும் குட்டையில் என்பதால் வகுப்பில் அவருக்குக் குட்டை என்றே பெயர். நான் பிற்பாடு குட்டையக்கா என்று கூப்பிடப் பழகினேன். படிக்கிற காலத்திலேயே அந்த வழியைப் பற்றி அவர் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஒரு கட்டுரை. அதோடு சரி. மேலே படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் அவருடைய அப்பா விடவில்லை.

நத்தை மேடத்தை உட்கார வைத்து, மேற்கோள்களை அடுக்கித் தருகிற மென்பொருளைத் திறந்தேன். பாணியை மாற்ற ஒரு பொத்தான் போதும். அழுத்தினேன். கட்டுரை முழுக்க எண்கள் மறைந்து, அந்த இடங்களில் பெயர்கள் வந்து உட்கார்ந்தன.

"வேலை முடிஞ்சுது மேடம். ஒரு தடவை கண்ணோட்டிப் பாத்துடுங்க."

அவர் பார்த்தார். செய்முறைப் பகுதிக்கு வந்ததும் நின்றார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நான் பயந்தே போனேன்.

"லைப்ரரி, இது யாரு?"

திரையில் இருந்த வாக்கியம், நத்தைகளுக்கு இன்னார் வகுத்த முறைப்படி புள்ளி வைக்கப்பட்டது என்று சொன்னது. அந்த இன்னார் ஓர் ஆணின் பெயர்.

"உங்க தோழியோட கட்டுரைதானே?"

"அவ கட்டுரைதான். பேரு அவ அப்பாவோடது."

நான் பட்டியலில் தேடிப் பார்த்தேன். குட்டையக்காவின் கட்டுரை அச்சானபோது அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையும் முழுதாகப் போட்டிருந்தார்கள். அதைக் கணினியில் ஏற்றிய புண்ணியவான் கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று முடிவுகட்டிவிட்டார். அப்பா முன்னால் போய் முழுதாக உட்கார்ந்துகொண்டார். மகள் பின்னால் ஒற்றை எழுத்தாகி ஒரு புள்ளியோடு நின்றாள். எண்களாக இருந்தவரை அது பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கண்ணில் படாமல் கிடந்தது. பாணி மாறியதும் கட்டுரையின் நட்டநடுவில் வந்து நின்றுவிட்டது. ஒரு தடவை இல்லை. செய்முறைப் பகுதி நெடுக அந்த அப்பா பெயர்தான்.

"அந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா?" என்றார் நத்தை மேடம். "இவ வீட்டுப் பின்பக்கம் தொட்டியில நத்தை வளத்தா. பொம்பளப் புள்ள முழங்கால் சேத்தோட தெருவுல நடந்து வர்றாளேன்னு கத்திட்டு, அத்தனை தொட்டியையும் தூக்கித் தெருவுல கொட்டினார். நானும் அவளும் சாக்கடை ஓரமா உக்காந்து பொறுக்கினோம். புள்ளி வச்ச நத்தை ஒவ்வொண்ணா. மேல லாரி போயிட்டு இருந்துச்சு. இப்ப அந்த ஆளு முறை வகுத்தாராம். அந்த ஆளு!"

விசைப்பலகையை இழுத்து மேசையில் ஓர் அறை அறைந்தார். எஸ்கேப் பொத்தான் தெறித்துக் கீழே போனது.

*

துறைத் தலைவர் இந்தக் கட்டுரையில் பங்காளி. குளத்தில் கால் நனைத்தவர் இல்லை. ஆனால் கட்டுரையின் கடைசிப் பெயர் அவருடையது, பத்திரிகையோடு கடிதப் போக்குவரத்தும் அவர் மூலமாகத்தான். பேச்சு வெல்லக்கட்டி.

"மேடம், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா உலகம் பூரா அந்தப் பேர்லதான் மேற்கோள் காட்டறாங்க. நாம மட்டும் மாத்தினா குழப்பம்."

"உலகம் பூரா தப்பாப் போட்டா நாமளும் தப்பாப் போடணுமா சார்?"

"ஒரு பேர்தானே மேடம்."

நத்தை மேடம் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். அவர் பதில் சொல்லாமல் வருவது நல்லதுக்கில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"அவகிட்டயே கேப்போம்," என்றார் என்னிடம். "நீயும் வா. தனியாப் போனா அழுதுடுவேன். அழுதா கோபம் போயிடும். இப்போதைக்கு அது எனக்கு வேணும்."

குட்டையக்கா இப்போது பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வீட்டின் முன்பக்க அறைதான் அலுவலகம். சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். வாசலில் கூரையில் பலகை வைத்த சின்ன கார். கணவர் இன்னொரு காரில் ஆண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். நாங்கள் போனபோது குட்டையக்கா ஒரு பெண்ணிடம் கிளட்ச் என்றால் என்ன என்று கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து நத்தை மேடத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். உயரம் அவ்வளவுதான் எட்டும்.

உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். குட்டையக்காவின் அப்பா. மகன் வீட்டில் ஒத்துப்போகாமல் மகளிடம் வந்து சில வருடங்கள் ஆகின்றனவாம். நத்தை மேடத்துக்கு அது தெரியாது போலிருக்கிறது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாடி, உள்ள வா. அப்பாவுக்கு இப்பல்லாம் சரியாக் காது கேக்காது."

கேட்க வேண்டியது மட்டும் நன்றாகவே கேட்டது. நத்தை மேடம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, "உங்க அப்பா பேர்ல" என்று சொன்னதும் பெரியவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"எம் பேரா? எந்தப் பத்திரிகையில?"

நான்தான் வாயைத் திறந்துவிட்டேன். "வெளிநாட்டுப் பத்திரிகைங்க தாத்தா. நிறையப் பேர் எழுதியிருக்காங்க."

"அப்படியா!" முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. எம் பொண்ணு பண்ணின வேலைக்கு எம் பேர் வந்தா என்ன? அப்பன் பேரு முன்னால வர்றது பெருமைதானேம்மா?"

குட்டையக்கா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "முன்னால வரலப்பா. என் பேரையே காணோம். உங்க பேரு மட்டும்தான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"தொட்டியைத் தூக்கித் தெருவுல கொட்டினது யாருப்பா?"

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "நாத்தம் அடிச்சுதும்மா."

குட்டையக்கா மேசை மேல் இருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அந்தப் பெண் இன்னும் ஓட்டுநர் இருக்கையில் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "வண்டிய எடும்மா," என்றார் அக்கா. "நீங்க ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க. இங்க பேச முடியாது."

இப்படித்தான் அந்தப் பேச்சு ஓடுகிற காரில் நடந்தது. ஓடுகிற கார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பெண் இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை.

"எத்தனை பேர் அந்த வழியில புள்ளி வச்சிருக்காங்க?" என்றார் குட்டையக்கா, முன்பக்கம் பார்த்தபடியே.

நான் தேடிவைத்ததைச் சொன்னேன். ஏரி நத்தை, கடல் நத்தை, வயல் நத்தை. யார் யாரோ எந்தெந்தக் கண்டத்திலோ பல் துலக்கியும் நகப்பூச்சும் வைத்துக்கொண்டு அதையே செய்திருந்தார்கள். அத்தனையிலும் மேற்கோள் இருந்தது. அத்தனையிலும் அப்பா.

"எனக்கு ஒருத்தருமே சொல்லலியே. லெஃப்ட்ல ஒடி. ஒடின்னா ஒடிக்கணும்மா! நான் அந்தக் கட்டுரையை யாருமே பாக்கலன்னு நெனச்சுட்டு இருந்தேன். இத்தனை வருஷம். யாருமே பாக்கல, அதனால போனாப் போகுதுன்னு." குரல் ஏறிக்கொண்டே போனது. "நீயாவது சொல்லியிருக்கலாமே? நீயும் அதைத்தானே செய்யற? உன் கட்டுரையிலயும் போட்டுத்தானே இருப்ப?"

நத்தை மேடம் முதல்முறையாகத் தடுமாறி நான் பார்த்தேன். "நம்பர் போட்டேன்டி. பட்டியல் மிஷின் அடிச்சது. நான் பாக்கல."

"பாக்கல!"

"பாக்கல. என்னையும் சேத்துத் திட்டு. திட்டிட்டு, உன் பேரு எப்படி வரணும்னு சொல்லு."

அந்தப் பெண் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டாள். நின்றது இன்ஜின். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. குட்டையக்கா அதையெல்லாம் சட்டை செய்யாமல் எங்கள் பக்கம் திரும்பினார். கண் நிறைய நீர், ஆனால் அழுகை இல்லை, வெறும் ஆத்திரம்.

"என் பேரு மட்டும். அப்பா பேரும் வேணாம், வீட்டுக்காரர் பேரும் வேணாம். அவர் நல்லவர்தான், ஆனா அவரும் சேத்துல எறங்கல. என் பேரு. முழுசா. ஒத்தை எழுத்துல இல்ல."

பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ ஏம்மா அழற? சாவியைத் திருப்பு," என்றார்.

*

நத்தை மேடம் கட்டுரையில் பெயரை மாற்றினார். அதோடு நிற்கவில்லை. பட்டியலில் இதேபோல் அப்பாவோ கணவரோ முன்னால் நிற்கிற பெயர்கள் வேறு இருக்கின்றனவா என்று என்னைக் குடைந்தெடுத்தார். இருந்தன. முகவரி கிடைத்தவர்களுக்கு எழுதிக் கேட்டோம். சிலர் சந்தோஷமாகத் தங்கள் பெயரை எழுதி அனுப்பினார்கள். ஒரு அம்மையார் மட்டும், பரவாயில்லை, பழகிவிட்டது என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதில்தான் நத்தை மேடத்துக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கோபத்தைக் கிளப்பியது. "பழகிடுச்சாம்! பழகிடுச்சாம்!" என்று சோதனைச்சாலையில் சாமான்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுப்படி துறைத் தலைவர் மூலமாகத் திருத்தத்துக்கு வந்தது. திறந்து பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி என்கிற கதையாக எல்லாப் பெயர்களையும் அச்சுக்கோக்கும் அலுவலகம் மறுபடி புரட்டிப் போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு கேள்வி: குடும்பப் பெயர் எது என உறுதிசெய்யவும். நத்தை மேடம் எழுதினார்: குடும்பப் பெயர் கிடையாது. நன்றி என்று பதில் வந்தது, திருத்திய படியோடு. மகள் மறுபடி ஒற்றை எழுத்து.

அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண் குரல். இருவரும் ஆங்கிலத்தில் கொஞ்ச நேரம் மோதிக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் நத்தை மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து, "இவளுங்களுக்கு மண்டையில என்னதான் இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். போனுக்குள்ளிருந்து தமிழ் வந்தது.

"மேடம், மண்டையில எல்லாம் இருக்கு. கட்டம் காலியா இருந்தா மிஷின் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. நான் என்ன செய்யட்டும்?"

நத்தை மேடம் போனை உற்றுப் பார்த்தார். "தமிழா? சொல்லக் கூடாதா?"

"ரெகார்ட் ஆகுது மேடம். ஆங்கிலத்துலதான் பேசணும். என் சம்பளச் சீட்டே என் அப்பா பேர்லதான் வருது. நீங்க திட்டறது எனக்குப் புரியாதுன்னு நெனைக்கறீங்களா?" அந்தக் குரலிலும் கோபம். "ஒண்ணு பண்ணலாம். குடும்பப் பேர்க் கட்டத்துல அவங்க பேரையே போடறேன். அடுத்த கட்டத்துல ஒரு சின்னக் கோடு. மிஷின் ஒத்துக்கும். ஆனா..."

"ஆனா என்ன?"

"படி ஏற்கெனவே ஒப்புதல் ஆயிடுச்சே மேடம். இன்னிக்குக் காலையில. உங்க துறைத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருக்கார். வெளியே போயாச்சு."

நத்தை மேடம் போனை மேசை மேல் வைத்தார். அறையவில்லை. மெதுவாக வைத்தார். நான் எழுந்து அவர் பின்னாலேயே ஓடினேன்.

ஆசிரியர் அறையில் துறைத் தலைவர் யாருக்கோ போனில் இந்தக் கட்டுரையைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நத்தை மேடம் நேரே போய் எதிரே நின்றார்.

"என்னைக் கேக்காம எப்படி சார் ஒப்புதல் கொடுத்தீங்க?"

"நாள் கடந்துடும்னு மெயில் வந்தது மேடம். நீங்க ஒரு கமாவுக்காக..."

"கமா இல்ல சார். மனுஷி. சேத்துல நின்ன மனுஷி."

"சரி, சரி. உணர்ச்சிவசப்படாதீங்க."

"திருத்த அறிவிப்பு கேளுங்க. நீங்க எழுதினாத்தான் போடுவாங்க."

"திருத்த அறிவிப்பா? நம்ம முதல் பெரிய கட்டுரைக்கா? பாக்கறவன் என்ன நெனைப்பான்? ஆராய்ச்சியிலயே ஏதோ கோளாறுன்னு நெனைப்பான். முடியாது மேடம்." இந்தத் தடவை வெல்லம் கரைந்துவிட்டிருந்தது. "இதோட விடுங்க."

விடுவாரா? வருடா வருடம் துறையின் ஆண்டறிக்கைக்கு எல்லாருடைய கட்டுரைகளையும் பட்டியல் போட்டுக் கொடுப்பது நத்தை மேடத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை. ஒருவரும் செய்ய விரும்பாத வேலை. அந்த வருடம் முணுமுணுக்காமல் உட்கார்ந்து செய்தார். பட்டியல் எந்தப் பாணியில் என்று ஒரு வரி மேலே எழுதினார்: நமது கட்டுரை வெளியான பத்திரிகையின் பாணி. மற்ற எல்லாருடைய பெயரையும் அவரவர் எழுதுகிறபடியே போட்டார். துறைத் தலைவரின் கட்டுரைகளுக்கு மட்டும் அவருடைய அப்பா பெயர் முழுதாக முன்னால் வந்தது. அவர் ஒற்றை எழுத்தானார். பக்கம் பக்கமாக அந்த அப்பா ஆராய்ச்சி செய்திருந்தார். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்று, நத்தையை வாழ்நாளில் திரும்பிப் பார்த்திராத மனிதர்.

துறைத் தலைவர் அந்தத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். நத்தை மேடம் என் மேசையில்தான் இருந்தார்.

"என்ன மேடம் இது? யாரு இவரு?"

"நீங்கதான் சார்."

"இது எங்க அப்பா பேரு!"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? ஒரு பேர்தானே?"

"இது முதல்வர் பார்வைக்குப் போறது. ஆண்டு விழாவுல மேடையில படிப்பாங்க. நான் இருபது வருஷமா உழைச்சது..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காதுமடல் சிவந்துவிட்டது. வெட்கத்தால் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் கோபம்தான். மாட்டிக்கொண்டவனின் கோபம்.

"நீங்க எப்பவும் குடும்பப் பேர்க் கட்டத்துல உங்க பேரையே போட்டுக்கறீங்க சார்," என்றார் நத்தை மேடம். "மிஷினை எப்படி ஏமாத்தணும்னு உங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் தாளை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பத்திரிகைக்குக் கடிதம் போனது. ஆண்டறிக்கையில் அவருடைய அப்பாவும் ஓய்வெடுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு துறைத் தலைவர் நத்தை மேடத்தோடு நேராகப் பேசுவதில்லை. விடுப்பு வேண்டுமென்றால்கூட எழுதித்தான் கேட்க வேண்டும். மழைக்காலத்துக்குச் சோதனைச்சாலை உதவியாளரைத் தருவதில்லை. நத்தை மேடம் மாணவிகளோடு தானே வாளி தூக்கிக்கொண்டு போகிறார்.

திருத்த அறிவிப்பு வர ரொம்ப நாளாயிற்று. வந்தது இரண்டே வாக்கியம். கட்டுரையில் அந்த முறை இன்னாருடையது என்று இருப்பதை இன்னாருடையது எனத் திருத்தி வாசிக்கவும். மகளின் பெயர், முழுதாக. அடுத்த கட்டத்துச் சின்னக் கோடு மட்டும் அச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய கட்டுரைகள் எதுவும் மாறவில்லை. அவற்றைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள். அப்படி ஒன்று புதிதாக வந்தால் நத்தை மேடம் உடனே அந்த ஆட்களுக்கு எழுதுகிறார். எழுத்து நாகரிகமாகத்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் வாயால் சொல்லிக் காட்டுகிறாரே, அதுதான் காது கொண்டு கேட்க முடியாது.

அறிவிப்பை அச்செடுத்துக் கொண்டுபோய்க் குட்டையக்காவிடம் கொடுத்தோம். நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் அவரே கல்லூரிக்கு வந்தார், மாணவிகளுக்குப் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுக்க. "பல் துலக்கியை இப்படியா பிடிப்பே? அது நத்தைம்மா, பாத்திரம் இல்ல!" என்று ஒரு மணி நேரம் அவர்களைக் காய்ச்சி எடுத்தார். மாணவிகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. திரும்ப ஆராய்ச்சிக்கு வாயேன் என்று நத்தை மேடம் கேட்டதற்கு, "வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தா அன்னிக்கே ஒருத்தி வீட்டை விட்டு வெளிய போறாடி. அது போதும் எனக்கு," என்று சொல்லிவிட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவர் அப்பா, தன் பெயர் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருப்பதாக வண்டி கற்க வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் அந்தத் தாளை நீட்டினாராம். "படிங்கப்பா. சத்தமா."

பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்புன்னுல்ல போட்டிருக்கான். அப்ப எம் பேரு?"

"இல்லப்பா."

"இந்தக் கட்டுரையில எங்கயுமே இல்லியா?"

"முன்னால ஒரு எழுத்துகூட இல்ல."

பெரியவருக்கு வந்தது பாருங்கள் கோபம். பெத்து வளத்ததுக்கு இதுதான் மரியாதையா என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாராம். கணவர் போய்ச் சமாதானப்படுத்தக் கிளம்பியிருக்கிறார். குட்டையக்கா விடவில்லை.

"இருக்கட்டும்," என்றாராம். "ஒரு வேளை சாப்பிடலன்னா ஒண்ணும் ஆயிடாது. பேரு இல்லன்னா எப்படி இருக்கும்னு கொஞ்ச நேரம் தெரியட்டும்."

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறம் என்ன? சாயங்காலம் பசிச்சுது, தானே வந்து உக்காந்தார். போட்டேன்," என்றார் குட்டையக்கா, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே. "ஆனா ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல."